அருங்காட்சியகத்திலிருந்து இறங்கி வந்தவர்

“…கை மடங்கலைன்னா அவரு எப்படி சார் இறங்குவாரு? நீங்களே சொல்லுங்க. விரிச்ச கையோட ஒருத்தரைத் தூக்கித் தூம்பாவுல படுக்க வைக்க முடியுமா?”

தஞ்சாவூர் வெயிலுக்கு ஒதுங்கத்தான் நான் அந்த நாட்டார் கலைக் காட்சிக்கூடத்துக்குள் நுழைந்திருந்தேன். ஒரு காலத்தில் அரிசி ஆலையாக இருந்த கட்டடமாம். நெல் அவித்த தொட்டிகள் இருந்த இடத்தில் இப்போது பொய்க்கால் குதிரைகள் நிற்கின்றன. கரகங்கள், மீன் பிடிக்கிற கூடைகள், மரக்கால்கள், தோல் கிழிந்த பறை ஒன்று. நான் ஒரு மின்விசிறியைக் கண்டுபிடித்து அதன் கீழே நின்று, குதிரையைப் பார்ப்பது போலக் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். அடுத்த அறையிலிருந்து இந்தக் குரல் வந்ததும் குதிரையை விட்டுவிட்டேன். பிறத்தியார் பேச்சைக் கேட்பது என்றால் எனக்குப் பசியாறுவதைவிட விருப்பம்.

உள்ளே நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றிருந்தார். கையில் மஞ்சப்பை. அவர் சுட்டிக் காட்டிய சுவரில், மரச் சிலுவையில் ஆள் உயர இயேசுநாதர் தொங்கிக்கொண்டிருந்தார். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட காப்பாட்சியர், இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, நீங்களே சொல்லுங்க” என்று அந்தப் பெண் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

“எனக்கு என்ன விஷயம்னே தெரியாதேம்மா.”

“தெரியாதவங்கதான் சரியாச் சொல்லுவாங்க. தெரிஞ்சவங்கள்லாம் ஆளுக்கு ஒரு பக்கமா சாஞ்சு நிக்கிறாங்க.”

இப்படித்தான் ஆரோக்கியமேரி எனக்கு அறிமுகமானார்.

நான் யார் என்று ஒரு வரி சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், கிள்ளானில் தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் அப்பா தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறியவர். நாங்கள் லுத்தரன் சபை. தரங்கம்பாடியில் அத்தை மகன் வீட்டுக் கல்யாணத்துக்காக வந்தேன். தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது, ஈஸ்டர் கழித்துத்தான். வந்து இறங்கினால் வீடு முழுக்கச் சுண்ணாம்பு வாளி. “அண்ணி, வெள்ளையடிச்சு முடியட்டும். அதுவரைக்கும் தஞ்சாவூர், கும்பகோணம்னு நாலு ஊரைப் பாத்துட்டு வாங்களேன்” என்று என் அத்தை மகன் மனைவி அன்பாகத் துரத்திவிட்டாள்.

வரும் வழியில் காவிரியைக் காட்டச் சொல்லி நடத்துநரிடம் கேட்டு வைத்திருந்தேன். காட்டினார். பாலத்துக்குக் கீழே ஒரே மணல். பையன்கள் குச்சி நட்டுக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் எங்கே என்றேன். “ஜூன் கழிச்சு வாங்கம்மா, காட்டுறோம்” என்றார், ஏதோ அது அவர் வீட்டுக் கொல்லையில் இருப்பது மாதிரி. எங்கள் கிள்ளான் ஆறு அழுக்காக இருக்கும்; ஆனால் லீவு போட்டு ஊருக்குப் போகாது.

மேரி சொன்ன கதை இது. வெட்டாற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். (“ஊர் பேரை எழுதிடாதீங்கக்கா, பசங்க விசாவுக்குக் காத்திருக்காங்க” என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.) முழுக்கக் கத்தோலிக்கர்கள். அப்பா அம்மா காலத்தில் இன்னொருவர் வயலில் நாற்று நட்டவர்கள். இப்போது பாதி நிலம் அவர்களுடையது, பாதிப் பிள்ளைகள் குவைத்திலும் துபாயிலும் சிங்கப்பூரிலும். மேரியே குவைத்தில் ஒரு வீட்டு அடுப்படியில் பல வருடம் நின்றுவிட்டு வந்தவர்தான். வெளிநாட்டுப் பணம் வந்ததும் கோயிலை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். புதுக் கோயிலுக்குப் புதுச் சுரூபம் வேண்டும் அல்லவா? சிலுவையில் தொங்கும் ஆண்டவரை ஃபைபரில் செய்து வாங்கினார்கள். அதற்குப் பெரும்பகுதி கொடுத்தது மேரி. பழைய மரச் சுரூபத்தைக் குப்பையில் போட முடியுமா? மாலை போட்டு, படம் எடுத்து, இந்தக் காட்சிக்கூடத்துக்கு மனமுவந்து கொடுத்துவிட்டார்கள்.

பெரிய வெள்ளிக்கு முந்தைய ஞாயிறு ஒத்திகையில்தான் விழித்துக்கொண்டார்கள்.

அந்த ஊர் வழக்கம், பெரிய வெள்ளி மதியம் ஆண்டவரைச் சிலுவையிலிருந்து இறக்குவது. இரண்டு ஏணி சாத்தி, இரண்டு பேர் ஏறி, கை ஆணியைப் பிடுங்குவார்கள். பழைய சுரூபத்தின் தோள்பட்டையில் தோல் வைத்துத் தைத்து, கையைத் தனியாகப் பொருத்தியிருக்கிறது. ஆணி வந்ததும் கை அப்படியே உயிர் போன கை மாதிரி சரிந்து, ஏணியில் நிற்கிறவர் தோளில் விழும். அந்த நொடியில் கோயில் முழுக்க அழுகை வெடிக்கும். பிறகு இறக்கி, தூம்பா என்கிற பூப்பல்லக்கில் கிடத்தி, ஊரைச் சுற்றி வருவார்கள்.

“புது சுரூபத்துல ஏணி வச்சு ஏறுனாங்கக்கா. ஆணியை இழுக்குறாங்க, இழுக்குறாங்க, வரல. ஆணி, கை, சிலுவை மூணையும் சேத்து ஒண்ணா வாத்திருக்கான் அந்தப் பாவி. கீழ நின்ன பொம்பளைங்க அழுவுறதா சிரிக்கிறதான்னு தெரியாம நிக்கிறாங்க. ஒருத்தன் ரம்பம் எடுத்துட்டு வரட்டுமாங்கிறான்.”

“படத்தைப் பாத்துத்தானே வாங்கினீங்க?” என்றேன்.

“படத்துல அழகா இருந்தாருக்கா. இறக்கணுமேன்னு யாருக்குத் தோணிச்சு? குவைத்துலேருந்து போன்ல நானும் ‘அழகா இருக்காரா’ன்னுதான் கேட்டேன். இப்ப ஊரே என்னையப் பாத்து, ‘மேரி வாங்கிக் குடுத்த ஆண்டவரு சாக மாட்டேங்கிறாரு’ன்னு சொல்லுது.”

காப்பாட்சியருக்கே சிரிப்பு வந்துவிட்டது, இருமலாக மாற்றிக்கொண்டார். கலியபெருமாள் என்று பெயர். நல்ல மனிதர். ஆனால் பதிவேட்டில் ஏறிய பொருள் வெளியே போக வழியில்லை என்பதில் நின்றார். திருவிழாவுக்கு, பூசைக்கு என்றெல்லாம் கொடுக்க முடியாது. வேறோர் இடத்தில் கண்காட்சி நடந்தால் மட்டும் அனுப்பலாம்.

“அப்ப கண்காட்சின்னு போட்டுக்குங்க” என்றார் மேரி. “ஊரு சனம் மொத்தமும் வந்து பாக்கத்தானே போவுது? உங்க கூடத்துக்கு இன்னிக்கு எத்தனை பேரு வந்தாங்க? நானும் இந்த அக்காவும். அக்காவும் ஃபேனுக்கு வந்தவங்க.”

கலியபெருமாள் பதிவேட்டை மூடி வைத்தார். பிறகு, பத்திரத்தில் ஊரிலிருந்து பொறுப்பான ஓர் ஆள் கையெழுத்துப் போட வேண்டும், சேதம் வந்தால் அவரே பதில் சொல்ல வேண்டும், வியாழக்கிழமை மதியத்துக்குள் வந்தால் மேலிடத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

“கேட்டுப் பாக்குறேன்னு சொன்னா குடுக்குறேன்னுதான் அர்த்தம்” என்று வாசலில் மேரி என்னிடம் சொன்னார். “குடுக்க மாட்டேன்னா, எழுதிக் குடுங்கம்மான்னு சொல்லியிருப்பாரு.” அலுவலகங்களில் ஏறி இறங்கிய பெண்ணின் படிப்பு அது. கையோடு என்னையும் ஊருக்கு அழைத்தார். எனக்கும் சுண்ணாம்பு வாளி தவிர வேறு வேலை இல்லை.

புதன்கிழமை கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போனேன். வழியெங்கும் அறுத்த வயல். நெல்லுக்குப் பின் விதைத்த உளுந்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கடைத்தெருவிலும் மூன்று விஷயம் தவறாமல் இருந்தது: எஸ்.டி.டி. பூத், கம்ப்யூட்டர் வகுப்பு, வெளிநாட்டு வேலை ஏஜென்ட் பலகை. எங்கள் ஊரில் வெளியூர்க்காரன் வந்து வேலை செய்வான். இங்கே உள்ளூர்க்காரனை வெளியூருக்கு அனுப்புவதே ஒரு தொழிலாக இருக்கிறது.

மேரி வீட்டில் சாப்பாடு போட்டார். மாங்காய் போட்ட பருப்பு, முருங்கைக்கீரை, மோர். அவர் மட்டும் சாப்பிடவில்லை, நோன்பு. அவர் பட்டினியாக உட்கார்ந்து விசிற, நான் மூன்று முறை சோறு வாங்கியதை இங்கே மறைக்கவில்லை.

மாலை புதுக்கோயில் முகப்பில் ஊர்க்கூட்டம். பளிங்கு போலத் தரை. மேரி பத்திரத் தாளை நடுவில் வைத்து, நாட்டாமை சவரிமுத்துவைப் பார்த்தார். சவரிமுத்து வெள்ளை வேட்டி, வெள்ளை மீசை, ஊரில் எந்தக் காகிதமானாலும் முதல் கையெழுத்து அவருடையதுதான்.

“போடுறதுக்கு என்னம்மா” என்றார் அவர். “பையன் பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் விசாரணை வர்ற நேரம். ஏதாச்சும் ஒடைஞ்சு, கேஸு கீஸுன்னு ஆச்சுன்னா, அப்பன் மேல வழக்கு இருக்குன்னு எழுதிடுவான்.”

தாள் அடுத்தவரிடம் போனது. அவருக்கு அடுத்த மாதம் துபாயில் மெடிக்கல். அதற்கடுத்தவர் தம்பி சிங்கப்பூரில் பெர்மிட் புதுப்பிக்கிறான். இன்னொருவருக்கு யாருமே வெளிநாட்டில் இல்லை. ஆனால் இனிமேல் போகலாமே என்று யோசிக்கிறார். சிலுவையில் ஏணி ஏறுகிற முறை உள்ள இரண்டு பேரும் இருந்தார்கள். ஒருவர் மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். மற்றவர் அவருக்கு முன்னாலேயே எழுந்து வெளியே போய்விட்டார். அரசாங்க முத்திரை போட்ட தாளைக் கண்டால் இந்த ஊர் ஆண்களுக்குக் கை தானாக முதுகுக்குப் பின்னால் போகிறது.

இளம் பங்குச் சாமியார் ஒருவர், வேறு மாவட்டத்துக்காரர், மெதுவாகச் சொன்னார்: “இறக்குற சடங்கு இல்லாமலே வழிபாடு நடத்தலாம். சிலுவைக்கு முத்தம் குடுத்து முத்தி செஞ்சா போதும். திருச்சபையில தடை ஒண்ணும் இல்ல.”

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல்: “இறக்காம விட்டா அவரு வருசம் பூரா அங்கயே தொங்குவாரா சாமி?”

யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் கோயிலில் சிலுவை வெறுமையாக இருக்கும், உருவம் வைப்பதில்லை. பெரிய வெள்ளிக்கு, சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளைப் பிரசங்கமாகக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருவோம். இந்தப் பெண்களுக்கோ செத்தவரை இறக்கி, குளிப்பாட்டாத குறையாகக் கிடத்தி, தெருவழியே அழுதுகொண்டு போனால்தான் துக்கம் முடியும். துக்கம் முடிந்தால்தான் ஈஸ்டர். ஒரு சாவு வீட்டை யாரும் பாதியில் விட்டுவிட்டுப் போவதில்லை.

மேரி தாளை எடுத்து மடித்து மஞ்சப்பையில் வைத்தார். “ஆளுக்கொரு பாஸ்போர்ட்டு, ஆளுக்கொரு பயம். என் பாஸ்போர்ட்டு பொட்டியில கெடக்கு. இனிமே எந்த ஏரோப்ளேனுக்கும் நான் ஏறப்போறது இல்ல. நான் போடுறேன்.”

“பொம்பளைப்புள்ள கையெழுத்து செல்லுமா?” என்றார் ஒருவர்.

“குவைத்துலேருந்து பணம் அனுப்புனப்ப செல்லுச்சே” என்றார் மேரி.

வியாழக்கிழமை கும்பகோணத்தில் பஸ் மாறினோம். நான் ஒரு காப்பி குடித்தேன். பித்தளை டவராவில் நுரையோடு வந்தது. எங்கள் ஊர்க் கோப்பி கருப்பாக, கனமாக, ஒரு கல் மாதிரி வயிற்றில் உட்காரும். இது நாக்கிலேயே பாதி காணாமல் போகிறது. மேரி தவக்காலத்துக்குக் காப்பியை விட்டிருந்தார். என் டவரா பக்கம் லேசாகக் குனிந்து, “மோந்து பாக்குறது பாவமாக்கா?” என்றார். எங்கள் சபையில் பாவமில்லை என்று சொல்லிவைத்தேன்.

தஞ்சாவூரில் கலியபெருமாள் மேலிடத்தில் அனுமதி வாங்கி வைத்திருந்தார். ஒரு நாள் கண்காட்சி. பத்திரத்தை அவரே வாய்விட்டுப் படித்தார். வண்டியில் காட்சிக்கூட ஊழியர்கள் வருவார்கள். பூப்பல்லக்கை ஊரார் தூக்கலாம். பொதுமக்கள் பொருளைத் தொடக்கூடாது. காட்சிக்கூடத்தாரும் கையெழுத்திட்டவரும் தவிர வேறு எவரும் கை வைக்கக்கூடாது.

“பாதத்தை முத்தி செய்வாங்களே சார்?”

“பட்டுத்துணி போட்டு மூடி, துணி மேல செய்யட்டும். துணி என் பொறுப்பு இல்லை” என்றார். பிறகு சுவரருகே போய், வெள்ளைக் கையுறை மாட்டி, சுரூபத்தின் தோள்பட்டையைத் தொட்டுக் காட்டினார். “இந்தத் தோலைப் பாருங்கம்மா. காஞ்சு போயிருக்கு. வெடுக்குனு இழுத்தா கிழிஞ்சிடும். கிழிஞ்சா என் வேலை போகாது, மாத்தல்தான் வரும். ஆனா பத்திரத்துல இருக்கிறது உங்க பேரு. யோசிச்சுக்குங்க.”

மேரி யோசிக்கவில்லை. போட்டார். எழுத்துக் கூட்டி, முழுப் பெயர், அப்பா பெயர், ஊர்.

வெளியே வந்ததும் நான்தான் கேட்டேன். “மேரி, கையெழுத்துப் போட்டவங்கதான் தொடணும்னா, ஏணியில யாரு ஏறுறது?”

“முதல்ல அவரு ஊருக்கு வரட்டும்க்கா.”

“உங்க ஊர்ல பொம்பளைங்க ஏறியிருக்காங்களா?”

“சாமியார் பீடத்தைப் பெருக்குறதுக்கு ஏறியிருக்கோம்” என்றார். பஸ் வரும்வரை மஞ்சப்பையின் காதைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மாலை பூத்திலிருந்து கிள்ளானுக்குப் பேசினேன். என் மகன் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: “அம்மா, நீங்க கல்யாணத்துக்குத்தானே போனீங்க? யாரோ ஒருத்தங்க சிலை வழக்குல சாட்சியா நின்னுடாதீங்க.” தப்பில்லை, அவன் என்னைப் பெற்றதிலிருந்து பார்க்கிறான் என்று எழுதத் தோன்றுகிறது, அந்த அளவுக்கு என்னைக் கண்டித்தே வளர்ந்த பிள்ளை.

பெரிய வெள்ளி காலையில் வேன் கிளம்பியது. முன்னால் ஓட்டுநரும் கலியபெருமாளும். பின்னால் மெத்தை விரித்து, கைகளை மடக்கி, வெள்ளைத் துணியால் மூடிப் படுக்க வைத்த சுரூபம். அதன் தலைமாட்டில் மேரி, கால்மாட்டில் நான், நடுவில் காட்சிக்கூட ஊழியர் ஒருவர் மடியில் “தொடாதீர்கள்” பலகையோடு.

பாதி வழியில் சாலை மறைந்துவிட்டது. பிடுங்கிய உளுந்துச் செடியைத் தார்ச்சாலையில் முழங்கால் உயரத்துக்குப் பரப்பி வைத்திருந்தார்கள். போகிற வண்டியெல்லாம் அதன்மேல் ஏறிப் போனால் காய் வெடித்துப் பயறு உதிர்ந்துவிடும். களமும் வேண்டாம், மாடும் வேண்டாம். எங்கள் நாட்டில் இப்படிச் செய்தால் போலீஸ் வரும். இங்கே பஸ்காரரே கொஞ்சம் ஓரமாக ஏற்றிப் புண்ணியம் தேடிக்கொண்டு போகிறார். எங்கள் ஓட்டுநரும் ஏற்றினார். கொஞ்ச தூரத்தில் வேன் இருமியது, இழுத்தது, நின்றது. கீழிருந்து புகை.

“கொடி சுத்திக்கிச்சு! எறங்குங்க, எறங்குங்க!”

இறங்கிப் பார்த்தால் சக்கர அச்சில் உளுந்துக் கொடி கயிறு திரித்தது மாதிரி இறுகிக் கிடந்தது. சூட்டில் கருகும் வாசனை. கலியபெருமாள் முகம் வெளுத்துவிட்டது. “பொருளை இறக்கணும், தீப்பிடிச்சா போச்சு” என்றார். மேரி அசையவில்லை. “இறக்கி நடுரோட்டுல வெயில்ல போட்டா தோலு இன்னும் காயும் சார். மொதல்ல கொடியை அறுங்க.”

உளுந்து தள்ளிக்கொண்டிருந்த பெண்கள் அரிவாளோடு ஓடிவந்தார்கள். ஒருத்தி வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். வெள்ளைத் துணிக்கடியில் நீட்டிப் படுத்த உருவம்.

“அய்யய்யோ, செத்தது யாருங்க?”

“ஆண்டவருங்க” என்றார் மேரி.

“அடப் பாவமே. வயசானவரா?”

“முப்பத்து மூணு.”

அந்தப் பெண் மார்பில் கைவைத்துக்கொண்டாள். ஊழியர் மடியிலிருந்த பலகையைப் பார்த்தாள், துணிக்கு வெளியே நீட்டிய மரத்தாலான கால்விரலைப் பார்த்தாள், பிறகு புரிந்து, “எங்க நாத்தனாளுக்குத் தெரிஞ்சா என்னைய ஒரு வருசம் ஓட்டுவா” என்று வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வேனுக்கடியில் ஊர்ந்து போனாள். அவளும் இன்னும் இரண்டு பேரும் அறுத்து இழுத்ததில் கொடி கட்டுக்கட்டாக வந்தது. “இந்தா, உங்க ஆண்டவரு ஓட்டுன உளுந்து” என்று ஒரு பிடியை உதறிப் பரப்பில் போட்டாள். கூலி கேட்கவில்லை. நல்லபடியாகச் சாமியைச் சேர்த்துவிடச் சொன்னாள்.

ஊரை அடைந்தபோது உச்சி சாய்ந்திருந்தது. கோயில் வாசலில் அண்டாவில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பெரிய வெள்ளிக் கஞ்சி, பயறு போட்டது, தொட்டுக்கொள்ள மாங்காய்க் கீற்று. நான் குடித்தேன். கலியபெருமாளுக்கும் ஒரு பெண் கொடுத்தாள். அவர் கையுறையைக் கழற்றிப் பையில் பத்திரமாக வைத்துவிட்டு, நின்றபடியே குடித்து, இன்னும் கொஞ்சம் என்று பாத்திரத்தை நீட்டினார்.

புது ஃபைபர் சுரூபம் ஊதாத் துணி மூடி ஒரு மூலையில் சாய்ந்திருந்தது. காட்சிக்கூடத்தாரும் மேரியும் சேர்ந்து பழையவரை, பீடத்தருகே ஊரார் நட்டு வைத்திருந்த மரச் சிலுவையில் ஏற்றி ஆணி மாட்டினார்கள். மார்பைச் சுற்றி ஒரு நீளத் துணி கொடுத்து, அதன் இரு முனையையும் சிலுவைக்குப் பின்னால் ஆண்கள் பிடித்துக்கொண்டார்கள். துணியைப் பிடிக்கலாம், பொருளைத் தொடக்கூடாது என்று கலியபெருமாள் இரண்டு தரம் சொன்னார். திரை போட்டார்கள்.

வழிபாடு தொடங்கியது. ஆண்டவர் பட்ட பாடுகளின் வரலாறு வாசித்தார்கள். கோயில் நிரம்பி, வாசல் நிரம்பி, தெருவரை ஆட்கள். ஆண்டவர் உயிர் விடுகிற இடம் வந்ததும் எல்லாரும் முழந்தாளிட்டார்கள். திரை விலகியது. பழைய முகத்தைப் பார்த்ததும் முன்வரிசைப் பெண்களிடமிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. காணாமல் போனவர் வந்துவிட்ட வீட்டில் கேட்கிற சத்தம் அது.

ஏணிகளைச் சாத்தினார்கள். முறைக்காரர்கள் இருவரும், அன்று ஆண்டவரை இறக்கிய சீடர்கள் வேடத்தில் அங்கி போட்டு, தாடி ஒட்டி, தயாராக வந்து நின்றார்கள். புதன்கிழமை மூக்குக்கண்ணாடி இல்லாதவர் இன்று போட்டிருந்தார்.

கலியபெருமாள் அவர்களுக்கு முன்னால் போய் நின்று, இரண்டு ஜோடிக் கையுறையையும் கையில் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார். “மன்னிக்கணும். ஒரு பக்கம் நான் ஏறுறேன். இன்னொரு பக்கம் கையெழுத்துப் போட்ட அம்மா.”

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு பரவியது. சவரிமுத்து எழுந்து வந்தார். சத்தம் போடவில்லை, அவரும் வருத்தத்தோடுதான் சொன்னார். “மேரி, வழக்கம் இல்லம்மா. ஏணிக்கு முறை இருக்கு. காலங்காலமா ஆம்பளைங்கதான் ஏறியிருக்கோம்.”

“முறை யாருதுன்னு எனக்கும் தெரியும் நாட்டாமை” என்றார் மேரி. “புதன்கிழமை தாளை நீட்டுனப்ப முறைக்காரங்க யாரும் கையை நீட்டலியே.”

“அதுக்காக…”

“தோலு காஞ்சிருக்கு. கிழிஞ்சா பதில் சொல்லப்போறது நான். என் கையால கிழியட்டும்.”

சவரிமுத்து சாமியாரைப் பார்த்தார். சாமியார் பீடத்தைப் பார்த்தார். பிறகு பாடகர்கள் பக்கம் திரும்பித் தலையை அசைத்தார். புலம்பல் பாட்டு எழும்பிவிட்டது. இனி யாராவது ஏறித்தான் ஆக வேண்டும். பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது: “ஏறு மேரி. எவ்வளவு நேரம் தொங்குவாரு?”

தாடி ஒட்டியவர் ஏணியை விட்டு ஓர் அடி நகர்ந்தார். அவர் விட்ட இடத்தில் நான் போய் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டேன். லுத்தரன்காரிக்கு அங்கே என்ன வேலை என்று அப்போது தோன்றவில்லை.

மேரி கையுறையை மாட்டினார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். படி படியாக ஏறி, ஆண்டவர் முகத்துக்கு நேரே நின்றார். மறு ஏணியில் கலியபெருமாளின் கண்ணாடி வேர்வையில் வழுக்கியது. மேரி வலது தோள்பட்டைக்கு அடியில் தன் தோளைக் கொடுத்துவிட்டு, ஆணியை இழுக்காமல், திருகித் திருகி எடுத்தார். காய்ந்த தோல் முனகிய சத்தம் ஏணியடியில் நின்ற எனக்குக் கேட்டது. ஆணி வந்தது. கை மெல்லச் சரிந்து, மேரியின் தோளைத் தாண்டி முதுகில் விழுந்து தொங்கியது. தோல் கிழியவில்லை.

கோயில் அழுதது. சவரிமுத்து மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். மேலே மேரியின் முகத்தில் மட்டும் அழுகை இல்லை. மறுபக்கம் பார்த்து, “சார், உங்க பக்கத்தையும் எடுங்க. அவசரப்படாதீங்க, நான் புடிச்சிருக்கேன்” என்றார். இடது கையும் விழுந்தது. கால் ஆணியைக் காட்சிக்கூட ஊழியர் கீழேயிருந்தே எடுத்துவிட்டார். பின்னாலிருந்த ஆண்கள் துணியை விரல் விரலாக இளக்கினார்கள். மேரி சுரூபத்தின் இடுப்பைச் சுற்றிக் கையைக் கொடுத்தார். சரிந்த தலையைத் தன் கழுத்தில் சாய்த்து, பாரத்தைத் தன் மேல் வாங்கிக்கொண்டார். ஒரு காலால் பின்பக்கம் துழாவி அடுத்த படியைக் கண்டுபிடித்து, ஒரு படி கீழே இறங்கினார்.